தொகுதி எல்லைக்குக் கெடு வைப்பது யார்?

இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலிருந்த டன்விச் என்னும் பழைய துறைமுகப் பட்டினம், அலைகள் நிலத்தை அரித்து அரித்துப் பெரும்பகுதி கடலுக்குள் போய், சிறிய கிராமமாகச் சுருங்கிய பின்னரும், 1832ஆம் வருஷம் வரை பார்லிமெண்டுக்கு இரண்டு பிரதிநிதிகளை அனுப்பி வந்தது. நூற்பாலைகளால் பெருகி லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் வசித்த மான்செஸ்டர் நகருக்கோ, அந்த வருஷம் வரை தனக்கென ஒரு பிரதிநிதிகூட இல்லை. ஜனங்கள் இடம் மாறிய பின்னும் எல்லைக் கோடுகள் மாறாதிருந்தால் ஒருவருடைய வாக்கு கனத்தும் மற்றொருவருடையது இளைத்தும் போகும் என்பதாலேயே, இன்று பல தேசங்கள் தொகுதி மறுவரையறைக்குக் காலக் கெடு விதித்திருக்கின்றன.

அமெரிக்காவும் கனடாவும் பத்தாண்டுக்கொருமுறை எடுக்கும் ஜனத்தொகைக் கணக்கை ஒட்டி இதைச் செய்கின்றன. நியூசிலாந்தில் ஐந்தாண்டுக் கணக்கெடுப்பு முடிந்ததும் எல்லைகள் பரிசீலிக்கப்படுகின்றன. ஆஸ்திரேலியாவில் ஏழாண்டுக்கு மேல் தள்ளிப்போடலாகாது; அயர்லாந்தின் அரசியல் சாசனமோ 12 ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் திருத்த வேண்டும் என்கிறது.

ஆனால், எத்தனை வருஷம் என்பதைக் காட்டிலும், கெடு வந்தும் செய்யாமல் விட்டால் கேட்பவர் யார் என்பதே பிரதானமான கேள்வி என்பது என் திடமான அபிப்பிராயம். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் சாசனம் பத்தாண்டுக்கொருமுறை தொகுதிகளைச் சீர்செய்யக் கட்டளையிட்டிருந்தும், பழைய எல்லைகளால் பதவி பெற்றவர்களே புதிய எல்லைகளை வகுக்க வேண்டியவர்களாகவும் இருந்தபடியால், 1901க்குப் பிறகு அறுபது ஆண்டுகள் அந்தக் கட்டளை ஏட்டளவிலேயே கிடந்தது. மெம்பிஸ் நகரம் அடங்கிய ஷெல்பி கவுண்டியைச் சேர்ந்த சார்லஸ் பேக்கர் என்பவரும் பிறரும் தொடுத்த வழக்கில், இவ்விஷயத்தை நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட் 1962இல் தீர்ப்பளித்த பின்னரே அங்கே கதவு திறந்தது.

பிரிட்டனின் அனுபவம் இன்னும் கூர்மையானது. 1944இல் நிரந்தர எல்லைக் கமிஷன்களை அமைத்து, ஏழாண்டுக்குள் பரிசீலனை நடக்க வேண்டும் என்று வகுத்த தேசம், 1958இல் அந்தக் கெடுவைப் பதினைந்தாண்டு வரை நீட்டித்தது. கமிஷன் பட்சபாதமின்றி உழைத்தாலும், முடிவை அங்கீகரிக்கும் அதிகாரம் பார்லிமெண்டின் கையில் இருந்தது. அதனால்தான், 1969இல் உள்துறை மந்திரி ஜேம்ஸ் காலகன், தாமே சபையில் சமர்ப்பித்த எல்லை உத்தரவுகளை நிராகரிக்கும்படி தம் கட்சியினரையே கேட்டுக்கொள்ள முடிந்தது. 1970ஆம் வருஷத் தேர்தல் பழைய எல்லைகளிலேயே நடந்தது. பின்னாளில், 2013இல் ஒரு பரிசீலனை ஒத்திவைக்கப்பட, 2018இல் முடிந்த மற்றொன்று நடைமுறைக்கு வராமலே போக, 2019ஆம் வருஷத் தேர்தலிலும் இங்கிலாந்தின் தொகுதிகள் 2000ஆம் வருஷத்து வாக்காளர் கணக்கின்படியே இருந்தன. 2020ஆம் வருஷச் சட்டம்தான், எட்டாண்டுக்கொருமுறை பரிசீலனை என்று விதித்ததோடு, கமிஷனின் முடிவு உறுப்பினர்களின் வாக்கெடுப்பின்றியே அமலுக்கு வரவும் வழி செய்தது.

இந்தியாவின் நிலை வேறு. இங்கே மறுவரையறை கமிஷனின் உத்தரவை நீதிமன்றத்தில் பொதுவாக ஆட்சேபிக்க இயலாது. ஆனால் மாநிலங்களுக்கு இடங்களைப் பங்கிடுவதும், மாநிலத்துக்குள் எல்லைகளைத் திருத்துவதும் வெவ்வேறு காரியங்கள் என்பதை மறந்து பேசுவோர் பலர். 1967இல் சென்னை ராஜ்யத்தின் மக்களவை இடங்கள் 41இலிருந்து 39 ஆகக் குறைந்தன. குடும்பக் கட்டுப்பாட்டை ஊக்கமாக நடத்திய மாநிலங்கள் அதற்காகவே மேலும் இடம் இழப்பது நியாயமாகாது என்ற கருத்தில், 1976ஆம் வருஷத்து 42ஆவது திருத்தம் பங்கீட்டை 1971ஆம் வருஷக் கணக்கிலேயே நிறுத்தியது. 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை 84ஆவது திருத்தம் அதை நீட்டித்தது. எனினும், 2001ஆம் வருஷக் கணக்கைக் கொண்டு பெரும்பாலான மாநிலங்களின் உள் எல்லைகள் 2008இல் திருத்தப்பட்டன. டென்னசியில் நடந்தது போன்ற தாமதமாக இந்த நிறுத்தத்தைக் கருதலாகாது. அங்கே சாசனத்தின் கட்டளை மீறப்பட்டது, இங்கே சாசனமே திருத்தப்பட்டு, காரணமும் கெடுவும் பகிரங்கமாகச் சொல்லப்பட்டன. ஆகவே, மாநிலத்துக்குள் எல்லைகளைச் செப்பனிடுவது உரிய பருவத்தில் தடையின்றி நடக்கலாம். மாநிலங்களின் பங்கை மாற்றுவதற்கோ, கணக்கெடுப்பு முடிந்தது என்பது மாத்திரம் போதாது, அதனால் இடம் குறையக்கூடிய மாநிலங்களின் சம்மதமும் வேண்டும்.