நேபாளத்தில் ஜாதிக்கொரு தண்டனை

நேபாளத்தின் 2021-ஆம் வருஷத்து ஜனக் கணக்கு 142 ஜாதி இனங்களையும் 124 தாய்மொழிகளையும் எண்ணிக் காட்டுகிறது. இப்பன்மையை வியப்போர் பலர். இவர்களை ஏணிப்படியில் நிறுத்தியது யார் என வினவுவோர் சிலரே. 1854-இல் ஜங் பகதூர் ராணாவின் ஆட்சி பிறப்பித்த முலுகி ஐன் என்னும் சட்டம், பூணூல் தரித்தோரை உச்சியிலேற்றி, மகர், குரூங் முதலிய மலைவாசிகளை மதுவருந்துவோர் என இடையில் வைத்து, கொல்லரையும் தையற்காரரையும் தீண்டத்தகாதாரென அடியில் தள்ளிற்று. தாரு, செபாங் முதலியோரை அடிமையாக்கலாமென்றும் எழுதிற்று! ஒரே குற்றத்துக்கு ஜாதிக்கொரு தண்டனை.

1963-இல் புதுச் சட்டம் அவ்வேற்றத்தாழ்வை நீக்கியது. 2011-இல் தீண்டாமையைத் தண்டிக்கத் தனிச் சட்டமும் வந்தது. ஆயினும் 2020 மே மாதம், மேற்கு ருகும் ஜில்லாவில், உயர்ஜாதிப் பெண்ணை அழைத்துவரத் தோழருடன் சென்ற தலித் வாலிபனைக் கிராமத்தார் துரத்தினர். ஆறு இளைஞர் மாண்டனர். பிரேதங்களைப் பேரி நதியில் தேடியெடுத்தார்கள்.