தேசாதிபதி மெயிற்லண்டும் மன்னார்க் கரையும்

மன்னார்ப் பட்டினத்தை ஒட்டிக் கடலோரத்தில் அமைந்த மீனவர் ஊர் பள்ளிமுனை. புனித லூசியா ஆலயமும், பருத்த அடியோடு நிற்கும் பழம் பெருக்கமரமும் அவ்வூரின் அடையாளங்கள். அவ்வாலயத்தில் நடைபெறும் திருமணம் சட்டப்படி செல்லுமா என்று இன்று எவரும் ஐயுறுவதில்லை. முன்னொரு காலத்தில் நிலைமை அவ்வாறு இருக்கவில்லை. அதனை மாற்றிய சட்டத்தைப் பிறப்பித்தவர் ஸ்கொட்லாந்தின் உயர்குடியிற் பிறந்த ஒரு போர்வீரர்.

1658ஆம் ஆண்டில் போர்த்துக்கீசரிடமிருந்து மன்னாரைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாருக்கு இடங்கொடுப்பதை மரண தண்டனைக்குரிய குற்றமாக்கினர். அரசாங்க உத்தியோகம் தங்கள் திருச்சபையைச் சார்ந்தோருக்கே உரியதென்றனர். 1687இல் கோவாவிலிருந்து வந்த யோசேவாஸ் அடிகளார் மாறுவேடத்திலேயே மக்களிடையே நடமாட வேண்டியிருந்தது. 2015இல் புனிதராக உயர்த்தப்பட்டவர் இவரே. காலப்போக்கில் கெடுபிடி தளர்ந்ததாயினும் சட்டத்தின் தடை நீங்கவில்லை. 1795 ஒக்டோபரில் மன்னார்க் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று.

தோமஸ் மெயிற்லண்ட், லாடர்டேல் பிரபுவின் மைந்தர். தந்தையின் பட்டமும் நிலமும் மூத்த மகனையே சேரும் என்பது அந்நாட்டு வழக்கு. இளையவருக்கு வாளே முதுசம். 1778இல் சீபோர்த் பிரபுவின் மலைநாட்டுப் படையிற் சேர்ந்து, பின்னர் இந்தியாவிற் பணியாற்றினார். இடையே பாராளுமன்றத்திலும் அமர்ந்தார். 1798இல் இன்றைய எயிட்டித் தீவிலிருந்து ஆங்கிலப் படையை மீட்டுச் செல்வதற்காக, அடிமை விலங்கை முறித்தெழுந்த கறுப்பின மக்களின் தலைவர் தூசாந் லூவெர்த்தூருடன் நேரே பேசி உடன்படிக்கை செய்துகொண்டார். வெல்ல முடியாத போரை நீட்டுவது வீண் என்பதை அறிந்த தளபதி அவர்.

1805 யூலையில் இலங்கைத் தேசாதிபதியானார். கண்டியுடன் 1803இல் மூண்ட போர் பெருந்தோல்வியில் முடிந்திருந்தது, திறைசேரியும் நலிந்திருந்தது. மெயிற்லண்ட் போரை மீண்டும் தொடங்காது செலவைச் சுருக்கினார். அரசாங்க உத்தியோகத்தர் வாணிபஞ் செய்தலைத் தடுத்து, அவர்கள் ஊர் ஊராகச் சென்று குடிகளின் நிலையை நேரிற் காணவேண்டுமென வற்புறுத்தினார்.

1806 மே 27ஆம் நாள் அவரது அரசாங்கம் ஓர் ஒழுங்குவிதியை இயற்றியது. சட்ட அறிஞர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரன் இதற்குத் தூண்டுகோலாயிருந்தார். கத்தோலிக்கர் தடையின்றி வழிபடலாம். எல்லாக் குடியுரிமைகளையும் பெறலாம். 1795 ஓகஸ்டு முதல் தங்கள் முறைப்படி செய்துகொண்ட திருமணங்களும் செல்லும் என்று அது விதித்தது. பிரித்தானியாவிலோ கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் அமரும் உரிமையைப் பெற 1829 வரை காத்திருந்தனர். அதே 1806ஆம் ஆண்டு டிசம்பரில், யாழ்ப்பாண மாகாணத்துத் தமிழரின் தேசவழமைக்கும் முழுச் சட்ட வலு அளிக்கப்பட்டது.

இவற்றைக் கொண்டு மெயிற்லண்டை மக்களாட்சியின் காவலர் எனக் கொள்ளுதல் தவறாகும். முன்னைய தேசாதிபதி நோர்த் ஒழித்திருந்த, நிலத்துக்கு ஈடாக ஊழியம் வாங்கும் இராசகாரிய முறைக்கு மீண்டும் உயிரூட்டியவரும் அவரே. பின்னர் மோல்ற்றாவை ஆண்ட காலத்தில் அவரது எதேச்சாதிகாரத்தைக் கண்ட மக்கள் அவரை ‘தொம் அரசர்’ என்றழைத்தனர். கிரேக்கக் கரையிலுள்ள பார்கா நகரை 1819இல் துருக்கியர் ஆட்சிக்குட்பட்ட அலி பாசாவிடம் ஒப்படைத்தபோது, அந்நகர மக்கள் தம் முன்னோரின் எலும்புகளைத் தோண்டி எரித்துவிட்டு, ஊரைத் துறந்து கடல் கடந்தனர்.

குடிகளின் நம்பிக்கையைப் புண்படுத்தினால் ஆட்சி நிலையாது என்ற கணக்கே அவரது சட்டங்களுக்கு அடிப்படை எனக் கருதுதல் பொருந்தும். பார்காவில் அக்கணக்கு மக்களுக்கு எதிராகச் சென்றது. மன்னாரில் மக்களுக்குத் துணையாயிற்று.

1824 சனவரி 17இல் மோல்ற்றாவில் அவர் மறைந்தார். கொடுத்தவரின் உள்நோக்கம் எதுவாயினும், அந்தச் சட்டம் வருவதற்கு முன்னரே ஒன்றரை நூற்றாண்டு காலம் தம் நம்பிக்கையைக் கைவிடாது காத்தவர்கள் இக்கரையின் எளிய மக்கள். தேசாதிபதி கொடுத்தது சட்டத்தின் ஒப்புதல் மட்டுமே. அதற்குரிய வாழ்வை அவர்கள் முன்னரே வாழ்ந்திருந்தனர்.