பாட்டு இருக்கிறது, எங்கே?

சேர்ப்பது சுலபம். சேர்த்ததில் என்ன இருக்கிறது என்று சொல்ல ஒரே ஓர் ஆள்தான் உண்டு என்பதுதான் சிக்கல்.

லிங்கராஜபுரத்தில் பரணுக்கு விடிவு வருவது வீடு மாறும் நாளில்தான். பித்தளை அண்டா, கிழிந்த கிறிஸ்துமஸ் நட்சத்திரம், ஓடாத மிக்ஸி எல்லாம் இறங்கிய பிறகு ஓர் அட்டைப்பெட்டி இறங்கும். குலுக்கினாலே தெரிந்துவிடும், கேசட். பாதிக்கு உறை இல்லை. உறை இருப்பவற்றில் பாதிக்கு உள்ளே வேறு கேசட். மேலே பால்பாயிண்ட் பேனாவில் 'எம்.எஸ்.வி. 3', 'சோகம்', 'கலவை'. பெட்டியை வண்டியில் ஏற்றுவதா, குஜரிக் கடையில் (சென்னைக்காரர்களுக்குக் காயலான் கடை) போடுவதா? முடிவெடுக்க ஐந்து நிமிடம்தான். சேர்த்த மனிதர் பக்கத்தில் இல்லையென்றால் முடிவு என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பெங்களூரில் 1809-ல் ஆங்கிலேயர் கண்டோன்மென்ட் அமைத்ததிலிருந்து நகரின் கிழக்கு, வடகிழக்குப் பகுதிகளில் தமிழர்கள் திரளாகக் குடியேறினார்கள். காக்ஸ்டவுன், குக்டவுன், கம்மனஹள்ளி, லிங்கராஜபுரம் என்று நீளும் இந்தப் பக்கத்தில் ஒரே வீட்டு அலமாரியில் சிவாஜி பாட்டு, ராஜ்குமார் பாட்டு, முகம்மது ரஃபி, சர்ச் கீர்த்தனை எல்லாம் தோளோடு தோள் நிற்பது அதிசயமல்ல. அங்கேதான் தகராறும் ஆரம்பிக்கிறது. பி.பி. ஸ்ரீனிவாஸை எந்தத் தட்டில் வைப்பது? தமிழில் அவர் ஜெமினி கணேசனின் குரல். கன்னடத்தில் நெடுங்காலம் ராஜ்குமாரின் குரல். மொழிவாரியாக அடுக்கினால் பாடகர் இரண்டாகிறார். பாடகர்வாரியாக அடுக்கினால், அப்பா தேடும் ராஜ்குமார் பட வரிசை சிதறுகிறது.

இதைவிடச் சிக்கலானது மெட்டு. இளையராஜா 1981-ல் கன்னட 'கீதா' படத்துக்குப் போட்ட ஒரு மெட்டு, 1984-ல் தமிழில் 'நூறாவது நாள்' படத்திலும், 2007-ல் இந்தியில் 'சீனி கம்' படத்திலும் திரும்ப வந்தது. மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்பதில்தான் ரசிகருக்கு ருசி. எந்த அலமாரியும் அதற்கு வசதி செய்து தருவதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் செய்து தரும்.

முன்பெல்லாம் நோட்டுக்குத் தேவை இல்லாமல் இருந்தது. 1980-களில் தெருமுனை ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால், இரண்டு நாளில் கேசட் தயார். 60 நிமிட கேசட்டில் சுமார் பன்னிரண்டு சினிமாப் பாட்டு. பதின்மூன்றாவது பாட்டுக்கு இடமில்லை என்பதால் எதை விடுவது என்று மனிதர்கள் இரவெல்லாம் யோசித்தார்கள். அந்தப் பன்னிரண்டும் வரிசை மாறாமல் மனப்பாடமாக இருந்தன. இன்றைக்கும் அந்தத் தலைமுறையில் பலருக்கு ஒரு பாட்டு முடிந்தவுடன், அந்தக் கேசட்டில் அடுத்து இருந்த பாட்டின் முன்னிசை காதில் கேட்கும்.

பிறகு எம்பி3 வந்தது. 700 எம்பி சிடி ஒன்றில் நூற்றுமுப்பது பாட்டுக்கு மேல் அடங்கியது. பிறகு பென் டிரைவ், ஹார்ட் டிஸ்க். ஒரு பாட்டுக்கு 5 எம்பி, ஐந்து நிமிடம் என்று வைத்தால் ஒரு டெராபைட் டிஸ்க்கில் இரண்டு லட்சம் பாட்டு. தூங்காமல் கொள்ளாமல் கேட்டாலும் முடிக்க 694 நாள் ஆகும். உள்ளங்கை அகலப் பெட்டியில் இரண்டு வருஷத்துப் பாட்டை வைத்திருப்பவர், தனக்கு வேண்டிய ஒரே பாட்டைத் தேடி அரை மணி நேரம் மவுசை உருட்டுகிறார். 'ட்ராக் 01' என்ற பெயரில் மட்டும் நாற்பது கோப்பு இருக்கும். பாடகர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், அதை இறக்கிய இணையதளத்தின் முகவரி.

தமிழுக்குத் தனிச் சங்கடங்களும் உண்டு. இளையராஜாவின் பெயரை ஆங்கில எழுத்தில் நாலைந்து விதமாக எழுதுகிறார்கள். கணினிக்கு அவர் நாலைந்து பேர். 'பொல்லாதவன்' என்று தேடினால் 1980-ல் எம்.எஸ். விஸ்வநாதன் இசையமைத்த படமா, 2007-ல் ஜி.வி. பிரகாஷ் குமார் இசையமைத்த படமா? 'படிக்காதவன்' 1985-லும் உண்டு, 2009-லும் உண்டு. மேல்நாட்டில் செய்த மென்பொருள்கள் பாடகரைத்தான் முதலாளியாக நினைக்கின்றன. நமக்கோ முதலில் படம், பிறகு இசையமைப்பாளர், அதற்குப் பிறகுதான் பாடகர், பாடலாசிரியர். கர்நாடக சங்கீதம் என்றால் ராகம், தாளம், இயற்றியவர் என்று வரிசையே வேறு. ஆகவே ஆண்டு சேர்த்த படப் பெயர், ஒரே மாதிரி எழுத்துக்கூட்டல் என்ற இரண்டை மட்டும் பிடிவாதமாகக் கடைப்பிடித்தாலே பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்கு ஆயுள் வேண்டும்.

பெயர் ஒட்டாத பாட்டு தொலைந்துபோகும் என்பது இன்றைய கண்டுபிடிப்பு அல்ல. 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் ஃபிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து ஹோட்டல் அறையில் முதல் இந்தியப் பதிவுகளைச் செய்தார். தட்டுகள் அச்சானது ஜெர்மனியின் ஹனோவர் நகரில். அங்கிருந்தவர்களுக்கு எந்தக் குரல் யாருடையது என்று எப்படித் தெரியும்? அதற்காகவே, கௌஹர் ஜான் பாடி முடித்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். பின்னாளில் அது அவருடைய முத்திரையாகவே ஆனது. கடைசிக் காலத்தில் மைசூர் அரண்மனையின் ஆதரவில் வாழ்ந்த அவர், 1930 ஜனவரி 17-ல் அங்கேயே காலமானார். நூற்றாண்டு தாண்டியும் கீறல் சத்தத்துக்கு நடுவே அந்தப் பெயர் கேட்கிறது.

பெயர் சொல்லாதவர்கள் கதி வேறு. 1949-ல் இந்தி 'மஹல்' படத்தின் புகழ்பெற்ற பாட்டு வந்தபோது இசைத்தட்டில் அச்சாகியிருந்த பெயர் 'காமினி'. படத்தில் கதாநாயகியின் பெயர் அது. பாடியது லதா மங்கேஷ்கர். தமிழில் இந்தக் குழப்பத்தை ஓரளவு தீர்த்து வைத்தவை கொட்டகை வாசலில் சில அணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்கள். 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று கதைச் சுருக்கத்தை முடிக்கும் அந்த மலிவுத்தாள் பிரசுரங்களை, படம் போனதும் பொட்டலம் கட்டத்தான் பயன்படுத்தினார்கள். இன்று பழைய படப் பாட்டைப் பற்றி ஏதாவது நிச்சயமாகச் சொல்ல வேண்டுமென்றால் ஆராய்ச்சியாளர்கள் தேடிப் போவது அவற்றைத்தான்.

கேசட்டுக்கே இந்தப் பாடு என்றால் இசைத்தட்டுக்காரர்கள் பாடு தனி. சென்னையின் இசை, நாட்டிய விமர்சகர் வி.ஏ.கே. ரங்கா ராவ் சேர்த்த இசைத்தட்டுகள் 40,000-க்கும் அதிகம். பத்து அங்குல 78 சுழற்சித் தட்டு ஒன்று சுமார் 200 கிராம். பத்தாயிரம் தட்டு என்றால் இரண்டு டன். 30-க்கு 40 மனையில் கட்டிய பெங்களூர் வீட்டின் மாடியில் அதை ஏற்றுவதற்கு முன் கொத்தனாரைக் கேட்பது உத்தமம். அரக்கில் செய்த அந்தத் தட்டுகளைப் படுக்கப் போட்டு அடுக்கினால் விரிசல் விடும். நிமிர்த்தி நிற்க வைக்க வேண்டும். பூசணம் துடைக்க ஸ்பிரிட்டைத் தொட்டால் அரக்கு கரைந்துவிடும். எல்.பி. ஊசியை அதில் வைக்கக் கூடாது. 78-ன் பள்ளம் அகலம். வெளிநாடுகளில் 78 சுழற்சித் தட்டு ஏறக்குறைய மறைந்துவிட்ட 1960-களிலும் இந்தியாவில் அது அச்சாகிக்கொண்டிருந்தது. அதனால்தான் பீட்டில்ஸ் பாட்டுகள் 78-ல் கிடைத்தன. அந்த இந்தியத் தட்டுகளுக்கு உலகச் சந்தையில் இன்றும் நல்ல விலை.

கேசட் வேறு விதத்தில் அழியும். நாடாவில் வெள்ளைப் பூசணம் படரும், மேல்பூச்சு உதிரும், அழுத்துகிற சின்னப் பஞ்சு கழன்று விழும். கணினிக்கு மாற்றலாம். ஆனால் குறுக்கு வழி கிடையாது. 60 நிமிட கேசட்டுக்கு 60 நிமிடம் உட்கார வேண்டும். 500 கேசட் வைத்திருப்பவர் தினம் ஒன்று மாற்றினால் ஓர் ஆண்டும் நாலரை மாதமும் ஆகும். 1990-களில் வாங்கிய டெக் அதுவரை ஓட வேண்டும் என்பது தனி வேண்டுதல்.

இத்தனை தொல்லை எதற்கு, போனில்தான் எல்லாம் வருகிறதே என்று வீட்டில் இளையவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் போனில் வருவது வாடகை வீடு. ஒப்பந்தம் முடிந்ததால் 2024 மார்ச்சில் ஜீ மியூசிக் பாட்டுகள் ஸ்பாட்டிஃபையிலிருந்து ஒரே நாளில் மறைந்தன. அதே ஆண்டில் ஏர்டெல் தன் விங்க் மியூசிக் சேவையை மூடுவதாக அறிவித்தது. அமெரிக்காவின் மைஸ்பேஸ் தளம், 12 ஆண்டுகளில் மக்கள் ஏற்றி வைத்த பாட்டுகளை சர்வர் மாற்றும்போது தொலைத்துவிட்டதாக 2019-ல் ஒப்புக்கொண்டது. போனவை 5 கோடிப் பாட்டு வரை இருக்கும் என்று செய்திகள் கூறின. 2008-ல் ஹாலிவுட்டில் யுனிவர்சல் வளாகத்தில் பிடித்த தீயில் மூலப் பதிவு நாடாக்கள் எரிந்ததும், எத்தனை எரிந்தன என்ற சர்ச்சையும் பதினோரு வருஷம் கழித்தே வெளியே வந்தன. கம்பெனியே தன் மூலப் பதிவைக் காப்பாற்றவில்லை என்றால், யாரோ ஒருவர் வீட்டுப் பரண்தான் கடைசிப் பிரதி.

அந்தப் பரணுக்குச் சொந்தக்காரர் போன பிறகு? கோட்டையூர் ரோஜா முத்தையா 1992-ல் மறைந்தபோது அவர் சேர்த்த ஒரு லட்சம் அளவிலான நூல்களும் பிரசுரங்களும் சிதறிப்போகாமல் இருந்ததற்குக் காரணம், சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கி, 1994-ல் சென்னையிலேயே நூலகமாக்க ஏற்பாடு செய்ததுதான். அந்த அதிர்ஷ்டம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்து பால் மாஹினி தன் பிரம்மாண்டமான இசைத்தட்டுச் சேகரிப்பை 2008-ல் இணைய ஏலத்தில் விட்டார். 30 லட்சம் டாலருக்கு மேல் கேட்ட ஏலதாரர் போலி. பல வருஷம் கழித்து பிரேசிலின் பஸ் முதலாளி சீரோ ஃப்ரெய்தாஸ் வாங்கிக்கொண்டார். அவரிடம் ஏற்கெனவே லட்சக்கணக்கில் இருந்தன.

பிரிட்டனின் வானொலிக்காரர் ஜான் பீல் விஷயத்தில் கெட்டிக்காரர். ஏறக்குறைய 26,000 எல்.பி.க்களுக்கும் எண் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை தட்டச்சு செய்து வைத்திருந்தார். 2004-ல் அவர் இறந்த பிறகும் அலமாரி ஊமையாகவில்லை. 2012-ல் அந்த அட்டைகளை வைத்தே சேகரிப்பின் ஒரு பகுதியை இணையத்தில் காட்ட முடிந்தது.

பெங்களூரிலும் நல்ல காரியம் நடந்திருக்கிறது. கௌஹர் ஜான் வரலாற்றை 2010-ல் புத்தகமாக எழுதிய விக்ரம் சம்பத், அந்தத் தேடலின் தொடர்ச்சியாக இந்திய இசை ஆவணக் காப்பகத்தை நிறுவினார். பழைய 78 தட்டுகள் டிஜிட்டலாகி, யார் வேண்டுமானாலும் கேட்கும்படி இணையத்துக்கு வந்தன. ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு என்பதால் பழசைப் பகிர்வதில் சட்டச் சிக்கல் குறைவு. புதியதைப் பகிர்ந்தால் வக்கீல் நோட்டீஸ் வரும்.

லிங்கராஜபுரத்து அட்டைப்பெட்டிக்குக் காப்பகம் வராது. வரவும் வேண்டாம்; அதில் பத்துக்கு ஒன்பது கேசட்டில் இருப்பது ஆயிரம் வீட்டில் இருக்கும் பாட்டு. தயங்காமல் கழிக்கலாம். கழிக்கக் கூடாதது பத்தாவது. துபாயிலிருந்து சித்தப்பா கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பியது. அத்தை கல்யாணத்து நாதஸ்வரம். சர்ச் பாடகர் குழுவின் ஏதோ ஒரு வருஷத்து ஒத்திகை. பாட்டி கூடத்தில் உட்கார்ந்து பாட, பின்னால் குக்கர் விசில் அடிப்பது. இதற்கு உலகத்தில் இரண்டாவது பிரதி கிடையாது. பெரும்பாலும் அதன் மேல்தான் பெயரும் இருக்காது. என்ன கேசட் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அன்றைக்கு யாரும் எழுதவில்லை.

டெக்கில் போட்டு இரண்டு நிமிடம் ஓடவிட்டு, வீட்டில் மூத்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்தால் போதும். குரல் யாருடையது என்று அவர் கண்டுபிடித்ததும், அவரையே போனில் சொல்ல வைத்துப் பதிவின் தலையில் ஒட்டிவிடலாம். கௌஹர் ஜான் செய்த அதே வேலைதான்: முதலில் பேர், பிறகு ஊர், பிறகு வருஷம்.