ஜீப் வண்டியின் பற்றரியில் மின்கருவிகளை இயக்குதல்

மின்சாரம் எட்டாத வயற்கரையில் நீர்ப்பம்பியின் தாங்கியைப் பொருத்தவோ தோட்டத்துப் படலையைத் திருத்தவோ மின் துளைகருவி தேவைப்படலாம். அருகில் நிற்பது ஒரு ஜீப் வண்டி மட்டுமே. அதன் பற்றரியிலிருந்து கருவியை இயக்க முடியுமா? முடியும். ஆனால் கணக்குப் பாராமல் இணைத்தால் கருவியும் சரிவர ஓடாது, மாலையில் வண்டியும் ஸ்ரார்ட் ஆகாது. நோயாளியை வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்ல ஊரில் அந்த ஒரு வண்டிதான் உண்டென்றால், இது சிறிய விடயமன்று.

எவ்வளவு மின்னோட்டம் வேண்டும்?

வீட்டு மின்சாரம் 230 வோல்ற் ஆடலோட்டம். ஜீப்பின் பற்றரி தருவது 12 வோல்ற் நேரோட்டம். ஒன்றை மற்றதாக மாற்றித் தரும் பெட்டியே இன்வேட்டர். வாற்றை வோல்ற்றால் பிரித்தால் அம்பியர் கிடைக்கும். 600 வாற்றுத் துளைகருவி 230 வோல்ற்றில் ஏறத்தாழ 2.6 அம்பியரே எடுக்கும். அதே வலுவை 12 வோல்ற்றிலிருந்து பெற 50 அம்பியர் வேண்டும். இன்வேட்டரில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் 55 முதல் 60 வரை ஆகும்.

வண்டியின் பற்றரி, எஞ்சினைக் கிளப்பச் சில விநாடிகள் பெருமின்னோட்டம் தருவதற்கென ஆக்கப்பட்டது. பாதிக்கு மேல் இறக்கினால் அதன் தகடுகள் கெடும். ஆகவே 70 அம்பியர் மணிப் பற்றரியாயினும், எஞ்சினை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் தொடர்ந்து வேலை செய்வதும் தகாது. எஞ்சினை ஓடவிட வேண்டும். ஒல்ரனேற்றரில் 60 அம்பியர் என்று எழுதியிருந்தாலும், எஞ்சின் மெதுவாக ஓடும்போது அதிற் பாதிகூடக் கிடைக்காமற் போகலாம். எனவே எஞ்சினின் வேகத்தைச் சற்றுக் கூட்டி, இடையிடையே கருவிக்கு ஓய்வு கொடுத்து வேலை செய்வோம்.

எந்த வயரை நீட்டுவது?

வேலை செய்யும் இடத்துக்கு இன்வேட்டரைக் கொண்டுபோய், பற்றரியிலிருந்து நீண்ட வயர் இழுப்பது தவறான முறை. 2.5 சதுர மில்லிமீற்றர் வீட்டு வயரில் 50 அம்பியர் சென்றால், 2 மீற்றர் தூரத்திலேயே போக வரச் சுமார் 1.4 வோல்ற் குறையும்; வயரும் கொதிக்கும். 16 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் குறைவது 0.2 வோல்ற் அளவே. ஆகவே 12 வோல்ற் பக்கத்து வயர் குட்டையாகவும் தடிப்பாகவும் இருக்கட்டும். 230 வோல்ற் பக்கத்து வயரை வேண்டிய தூரம் நீட்டலாம்.

கவனிக்க வேண்டியவை

1. இன்வேட்டரை நேரே பற்றரியில் இணைக்கவும். சிகரற் லைற்றர் துவாரம் இதற்குப் போதாது; அதன் பியூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15 அம்பியரே.

2. நேர் முனைக்கு மிக அருகில், இன்வேட்டருக்குக் குறிப்பிட்ட அளவு பியூஸ் ஒன்றைப் பொருத்தவும்.

3. மோட்டர் கிளம்பும்போது கூடுதலான மின்னோட்டத்தை இழுக்கும். 600 வாற்றுக் கருவிக்கு 1000 வாற்றுக்குக் குறையாத இன்வேட்டர் நல்லது.

4. மூடிய கொட்டிலுக்குள் எஞ்சினை ஓடவிடக்கூடாது. அதன் புகை உயிரைக் கொல்லும். கைத்தடுப்பைப் போட்டு, கியரை நடுநிலையில் வைக்கவும்.

5. இன்வேட்டரின் 230 வோல்ற்றும் வீட்டு மின்சாரத்தைப் போலவே ஆபத்தானது. ஈர நிலத்தில் இணைப்புகளை வைக்க வேண்டாம்.

1200 வாற்று வட்டவாளுக்கு 110 அம்பியருக்கு மேல் வேண்டும். அத்தகைய வேலைக்குச் சிறிய ஜெனரேற்றரே பொருத்தமானது. சிறு வேலைகளுக்கோ பற்றரியில் இயங்கும் துளைகருவி போதும். அதன் 18 வோல்ற், 4 அம்பியர் மணிப் பற்றரியை ஒருமுறை நிரப்ப, ஜீப்பின் பற்றரியிலிருந்து 8 அம்பியர் மணி அளவே செலவாகும். வண்டி ஓடும்போதே அதை நிரப்பிக்கொண்டால், வேலையும் நடக்கும். அவசரத்துக்கு வண்டியும் ஆயத்தமாக நிற்கும்.