ஐ.பி.எல். டீம் கூடினா சி.எஸ்.கே. ஷேர் ஏறுமா? வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு



ஐ.பி.எல். சீசன் தொடங்கினா நம்ம சேனலுக்கு ஒரு கேள்வி தவறாம வரும்: "சி.எஸ்.கே. ஷேர் வாங்கலாமா?" கூடவே வதந்தியும் வரும். "இன்னும் ரெண்டு டீம் சேர்க்கப் போறாங்களாம்." "மேட்ச் எண்ணிக்கை கூடப் போகுதாம்." "ஐ.பி.ஓ. வரப் போகுதாம்." எல்லாத்துலயும் கடைசியில ஒரு "ஆம்" ஒட்டிக்கிட்டு இருக்கும். அந்த "ஆம்"மை நம்பி போனஸ் பணத்தை அப்படியே போட நினைக்கிறவங்களுக்குத்தான் இந்தப் பதிவு.

சி.எஸ்.கே. ஷேர்னா என்ன?

2008-ல இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் 9.1 கோடி டாலருக்கு சென்னை அணியை ஏலத்துல எடுத்துச்சு. பிறகு அணியைத் தனி கம்பெனியாப் பிரிச்சு, இந்தியா சிமெண்ட்ஸ் பங்குதாரர்களுக்கு அதோட பங்குகளைக் கொடுத்தாங்க. எல்.ஐ.சி. கைக்கு சுமார் 6 சதவீதம் வந்தது இப்படித்தான்.

இந்தப் பங்கு என்.எஸ்.இ., பி.எஸ்.இ. ரெண்டுலயும் பட்டியலிடப்படலை. உங்க மொபைல் ஆப்ல தேடினா வராது. தனியா இருக்கிற புரோக்கர்கள் மூலமா கைமாறி, உங்க டீமேட் கணக்குக்கு வந்து சேரும். விலை? புரோக்கர் சொல்றதுதான் விலை. இதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

வடசேரி சந்தைக் கணக்கு

நம்ம வடசேரி கனகமூலம் சந்தையை நினைச்சுக்கோங்க. ஒரு உதாரணத்துக்கு, அங்க எட்டு வாழைக்குலைக் கடை. ஒரு நாளைக்கு மொத்தம் 8,000 ரூபாய்க்கு வியாபாரம். கடைக்கு 1,000 ரூபாய்.

இப்ப இன்னும் ரெண்டு கடை வருது. வர்ற கூட்டம் அதே கூட்டம்தான்னா, கடைக்கு 800 ரூபாய். பழைய கடைக்காரருக்கு நஷ்டம். மொத்த வியாபாரம் 20,000 ஆச்சுன்னா கடைக்கு 2,000. பழைய கடைக்காரருக்கும் லாபம். ஆக, கடை கூடினதால யாருக்கும் லாபம் வரலை. கூட்டம் கூடினதாலதான் வந்துச்சு.

இன்னொண்ணும் கவனிங்க. புதுக் கடைக்காரர் கட்டுற அட்வான்ஸ் பணம் சந்தையை நடத்துறவங்களுக்குத்தான் போகும். பக்கத்துக் கடைக்காரருக்கு ஒரு பைசா வராது.

இதையே ஐ.பி.எல்.ல போட்டுப் பார்ப்போம்

2021 அக்டோபர்ல ரெண்டு புது அணிகள் ஏலம் போச்சு. லக்னோவுக்கு ஆர்.பி.எஸ்.ஜி. குழுமம் 7,090 கோடி, அகமதாபாத்துக்கு சி.வி.சி. நிறுவனம் 5,625 கோடி. மொத்தம் 12,715 கோடி. இது பி.சி.சி.ஐ.க்கான பணம். பழைய எட்டு அணிகளுக்கு இதுல பங்கு இல்லை.

பழைய அணிகளுக்குப் பணம் வர்ற வழி ஒளிபரப்பு உரிமை. 2018 முதல் 2022 வரை ஐந்து வருஷத்துக்கு ஸ்டார் கொடுத்தது 16,347.5 கோடி. 2023 முதல் 2027 வரைக்கான உரிமை 2022 ஜூன்ல 48,390 கோடிக்குப் போச்சு. கிட்டத்தட்ட மூணு மடங்கு.

தோராயமா பாதிப் பணம் அணிகளுக்குன்னு வச்சுக் கணக்குப் போடுவோம்:

- பழைய ஒப்பந்தம், 8 அணி: அணிக்கு வருஷம் சுமார் 204 கோடி
- பழைய ஒப்பந்தமே தொடர்ந்து, 10 அணி ஆகியிருந்தா: சுமார் 163 கோடி
- புது ஒப்பந்தம், 10 அணி: சுமார் 484 கோடி
- புது ஒப்பந்தம், 8 அணியாவே இருந்திருந்தா: சுமார் 605 கோடி

பார்த்தீங்களா? புது ரெண்டு அணியால பழைய அணிக்குப் பங்கு குறைஞ்சுது. ஒப்பந்தத் தொகை பெருசா ஏறினதால அது வெளியே தெரியலை. கூடுதல் அணிகள் வந்ததால மேட்ச் கூடுச்சு, அதனால ஒப்பந்தத் தொகையும் கொஞ்சம் கூடியிருக்கும், அது உண்மைதான். ஆனா "டீம் கூடினா ஷேர் ஏறும்"னு நேர்க்கோடு போட முடியாது.

சி.எஸ்.கே. கம்பெனியோட கணக்குலயும் இந்த மாற்றம் தெரியுது. 2022-23-ல மொத்த வருமானம் சுமார் 292 கோடி, லாபம் 52 கோடி. புது ஒப்பந்தத்தோட முதல் சீசன் விழுந்த 2023-24-ல வருமானம் 676 கோடி, லாபம் 229 கோடி.

லாபம் வந்தது எப்போ, விலை ஏறினது எப்போ?

முக்கியமான இடம் இதுதான். சி.எஸ்.கே. பங்கு 210 முதல் 225 ரூபாய் வரை கைமாறி, கம்பெனியோட மதிப்பு 7,600 கோடியைத் தொட்டுச்சுன்னு செய்தி வந்தது 2022 ஜனவரியில. அப்போ ஒளிபரப்பு ஏலமே நடக்கலை. லக்னோ அணி 7,090 கோடிக்குப் போனது மட்டும்தான் எல்லார் கண்ணுலயும் நின்னுச்சு. "புது அணிக்கே இவ்வளவுன்னா, கோப்பை ஜெயிச்ச சென்னைக்கு எவ்வளவு?"ங்கிற கணக்கு.

அதாவது ஏலம் நடக்க அஞ்சு மாசம் முன்னாடியே, லாபம் கணக்குல வர ரெண்டு வருஷம் முன்னாடியே, எதிர்பார்ப்பு விலையில ஏறிடுச்சு. வதந்தி வாட்ஸ்அப்ல நம்ம கைக்கு வந்து சேரும்போது, அதை முதல்ல கேட்டவர் விக்கிற இடத்துல நிப்பார். நாம வாங்குற இடத்துல நிப்போம்.

விரிவாக்கம் கவிழ்ந்த கதைகளும் உண்டு

நாகர்கோவில்காரங்களுக்குச் சென்னையை விட கொச்சி பக்கம். 2010 ஏலத்துல 33 கோடி டாலருக்கு மேல கொடுத்து வந்த கொச்சி அணி, 2011-ல ஒரே ஒரு சீசன் ஆடுச்சு. அந்த வருஷமே ஒப்பந்தம் ரத்து. அதே ஏலத்துல 37 கோடி டாலர் கொடுத்த புனே வாரியர்ஸ் மூணு சீசனோட முடிஞ்சுது. சி.எஸ்.கே.வே 2016, 2017 ரெண்டு சீசன் தடையில இருந்துச்சு. அணிங்கிற சொத்து நிலம் மாதிரி கிடையாது, உரிமம் மாதிரி.

அமெரிக்காவுல கல்லூரிக் கால்பந்தும் பெரிய வியாபாரம். அங்க பல்கலைக்கழகங்கள் குழுக்களாச் சேர்ந்து ஆடும், குழுவோட டி.வி. ஒப்பந்தம்தான் வருமானம். பசிபிக் கரையில 1915-ல தொடங்கின பேக்-12-ங்கிற குழு. 2022 ஜூன் 30 அன்னைக்கு அதோட ரெண்டு பெரிய பல்கலைக்கழகங்கள் பிக் டென் குழுவுக்குப் போறோம்னு அறிவிச்சாங்க. அதே ஆகஸ்ட்ல பிக் டென் 700 கோடி டாலருக்கு மேல ஏழு வருஷ ஒப்பந்தம் போட்டுச்சு. பேக்-12 நல்ல ஒப்பந்தம் கிடைக்காம ஒவ்வொருத்தரா இழந்து, 2024-ல 12 பேர்ல மிஞ்சினது ரெண்டே பேர். அதே சமயம் எஸ்.எம்.யு. பல்கலைக்கழகம், இன்னொரு குழுவுல சேர ஒன்பது வருஷம் டி.வி. பணமே வேண்டாம்னு ஒத்துக்கிட்டு உள்ள போச்சு.

நம்ம ஊர்க் கால்பந்தும் இதே பாடத்தைச் சொல்லுது. தூத்தூர்ப் பக்கம் பந்து பார்க்கிறவங்களுக்கு இது நல்லாத் தெரியும். ஐ.எஸ்.எல். லீக்கை நடத்துற உரிமை ஒப்பந்தம் 2025 டிசம்பர்ல முடியுறதா இருந்துச்சு, புதுப்பிக்கலைங்கிறதால ஜூலையிலயே அடுத்த சீசனை நிறுத்தி வச்சாங்க. ஆகஸ்ட்ல பெங்களூரு எஃப்.சி. வீரர்கள், ஊழியர்கள் சம்பளத்தையே நிறுத்தி வச்சுது. சென்னையின் எஃப்.சி. தன்னோட செயல்பாடுகளை நிறுத்திச்சு. அணி இருந்துச்சு, ரசிகர் இருந்தாங்க, ஸ்டேடியம் இருந்துச்சு. அப்போ ஒப்பந்தம் இல்லாம போச்சு, அதனால பணமும் இல்லாம போச்சு.

2027-க்கு அப்புறம்?

இப்போதைய ஐ.பி.எல். ஒப்பந்தம் 2027 சீசனோட முடியுது. "அடுத்த ஏலத்துல இன்னும் ரெண்டு மடங்கு"ன்னு சொல்றவங்ககிட்ட ஒரு கேள்வி கேளுங்க. 2022-ல டி.வி. உரிமையை ஸ்டாரும், டிஜிட்டல் உரிமையை வயாகாம்18-ம் எடுத்துச்சு. இந்த ரெண்டும் 2024 நவம்பர்ல ஒண்ணாச் சேர்ந்து ஜியோஸ்டார் ஆகிடுச்சு. ஏலத்துல ரெண்டு பேர் கை தூக்கினாத்தான் விலை ஏறும். அந்த ரெண்டு கையும் இப்ப ஒரே உடம்புல இருக்கு. வேற பெரிய நிறுவனம் வரலாம், வராமலும் போகலாம். இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாம வாங்கினா, அது முதலீடு ஆகாது. டாஸ் போடுற மாதிரிதான்.

மறுத்தாலும் நம்ப முடியாது, எழுதி வச்சாலும் நம்ப முடியாது

2025 ஜூன்ல ஆர்.சி.பி. அணியை விக்கப் போறாங்கன்னு செய்தி வந்தப்போ, உரிமையாளரான யுனைடெட் ஸ்பிரிட்ஸ் பங்கு ஏறுச்சு. கம்பெனி "இது ஊகம், அப்படி எந்தப் பேச்சும் இல்லை"ன்னு பங்குச்சந்தைக்கு எழுதிக் கொடுத்துச்சு. அதே கம்பெனி நவம்பர்ல, அணியை என்ன செய்யலாம்னு மறுபரிசீலனை பண்றோம்னு அதே பங்குச்சந்தைக்கு அறிவிச்சுது.

எதிர்ப்பக்கம் பாருங்க. 2022 ஏல ஆவணத்துலயே 2025-ல 84 மேட்ச்னு திட்டம் இருந்துச்சு. ஆனா 2025-ல நடந்தது 74-க்கான அட்டவணைதான். ஆவணத்துல இருந்ததே தள்ளிப் போகும்னா, வாட்ஸ்அப்ல வர்றதை என்ன சொல்ல?

பட்டியலிடாத பங்குல சம்பளக்காரர் கவனிக்க வேண்டியவை

1. விற்கிறது கஷ்டம். அவசரத்துக்கு ஒரே நாள்ல வித்து எடுக்க முடியாது. வாங்குற விலைக்கும் விக்கிற விலைக்கும் பெரிய இடைவெளி இருக்கும்.

2. ஐ.பி.ஓ. விலை குறைவாவும் வரலாம். ஹெச்.டி.பி. ஃபைனான்ஷியல் பங்கு வெளியில 1,200 ரூபாய்க்கு மேல கைமாறிட்டு இருந்துச்சு. 2025 ஜூன்ல ஐ.பி.ஓ. வந்தது 700 முதல் 740 ரூபாய்க்கு.

3. ஆறு மாசப் பூட்டு. ஐ.பி.ஓ.வுக்கு முன்னாடியே வாங்கின பங்கைப் பட்டியலான பிறகு பொதுவா ஆறு மாசம் விக்க முடியாது.

4. வரி. நீண்டகால லாபம்னு ஆக 24 மாசம் வச்சிருக்கணும், அப்போ 12.5 சதவீதம். அதுக்குள்ள வித்தா உங்க வருமான வரி அடுக்குப்படி. பட்டியலிட்ட பங்குகளுக்குக் கிடைக்கிற 1.25 லட்ச ரூபாய் விலக்கு இதுக்குக் கிடையாது.

5. ஐ.டி.ஆர்.-1 போட முடியாது. இந்தப் பங்கு ஒண்ணு கையில இருந்தாலும் ஐ.டி.ஆர்.-2 தான். நிறைய சம்பளக்காரங்க கோட்டை விடுற இடம் இது.

6. தளம் எது? பட்டியலிடாத பங்குகளை அனுமதியில்லாம கைமாத்துற இணையத் தளங்களைப் பத்தி செபி 2024 டிசம்பர்லயே எச்சரிச்சிருக்கு. ஏதாவது பிரச்சினை வந்தா அங்க உங்களுக்குப் பாதுகாப்பு இல்லை.

அப்போ வாங்கவே கூடாதா?

அப்படிச் சொல்லலை. வரிசை முக்கியம். மாசம் 35,000 சம்பளம், 22,000 செலவுன்னா, முதல்ல ஆறு மாசச் செலவு 1,32,000 ரூபாய் தனியா இருக்கணும். அடுத்து மருத்துவக் காப்பீடு, டேர்ம் இன்சூரன்ஸ். அடுத்து எஸ்.ஐ.பி. இதெல்லாம் ஓடிட்டு இருந்தா, மொத்த முதலீட்டுல 5 சதவீதத்துக்குள்ள இந்த மாதிரிப் பங்கு வச்சுக்கலாம்ங்கிறது என் கருத்து. 2 லட்சம் முதலீடு இருந்தா 10,000 ரூபாய். பெர்சனல் லோன் போட்டோ, நகையை அடகு வச்சோ வாங்கவே வாங்காதீங்க.

வாங்குறதுக்கு முன்னாடி மூணே கேள்வி:

- இந்தச் செய்தியால வர்ற பணம் யார் கைக்குப் போகுது? வாரியத்துக்கா, அணிக்கா?
- அந்தப் பணத்துக்குக் கையெழுத்தான ஒப்பந்தம் இருக்கா? அது எந்த வருஷம் முடியுது?
- இன்னைக்கு எனக்குச் சொல்ற விலையில அது ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கா?

மூணுக்கும் பதில் தெரிஞ்சா, அளவா வாங்குங்க. தெரியலைன்னா டிக்கெட் வாங்கி மேட்ச் பாருங்க. விசில் போட ஷேர் தேவையில்லை மக்களே!

இந்தக் கணக்கை உங்க ஆபீஸ் குரூப்ல ஐ.பி.ஓ. செய்தி அனுப்புற நண்பருக்கும் அனுப்பி வைங்க. இது விழிப்புணர்வுக்கான பதிவு மட்டுமே. வாங்கவோ விற்கவோ பரிந்துரை இல்லை. அடுத்த பதிவில் சந்திப்போம்.