ஜூன் பிறந்தால் ஒரு கேள்வி: பகுதிநேரக் கல்லூரி ஆசிரியர் இருக்கும் வீடுகளுக்குச் சில யோசனைகள்



வீரகேரளம்புதூர், சுரண்டை, தென்காசி, கடையநல்லூர் வட்டாரத்தில் முதுகலையும் முனைவர் பட்டமும் முடித்த பிள்ளைகள் இன்று நம் வீடுகளில் நிறையவே இருக்கிறார்கள். "மகன் காலேஜ்ல வாத்தியார்", "மருமக காலேஜ்ல டீச்சர்" என்று சொல்வதில் நமக்குப் பெருமைதான். ஆனால் ஜூன் மாதம் பிறந்துவிட்டால் அதே வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது: "இந்த வருஷம் கூப்பிட்டாங்களா? எத்தனை மணிநேரம் கொடுத்தாங்க?"

சென்ற ஆண்டு வாரம் 16 மணிநேரம் வகுப்பெடுத்தவருக்கு இந்த ஆண்டு ஆறு மணிநேரம்தான் கிடைக்கும். சிலருக்கு அதுவும் இல்லை. வீட்டில் உள்ளவர்கள், "உனக்குத் திறமை போதல", "ஹெச்.ஓ.டி.கிட்ட நல்லபடியா நடந்துக்கலையா?" என்று கேட்டுவிடுகிறார்கள். அது எவ்வளவு வலிக்கும் என்று அந்த இடத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும். எனவே இந்த வேலை எப்படி நடக்கிறது, அதை வைத்து ஒரு குடும்பம் எப்படித் திட்டமிடலாம் என்பதை இங்கே பார்ப்போம்.

மணிநேரம் ஏன் கூடிக் குறைகிறது?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி ஓர் உதவிப் பேராசிரியர் வாரம் 16 மணிநேரம் வகுப்பெடுக்க வேண்டும். ஒரு துறையில் மொத்தம் 80 மணிநேரம் பாடவேளை இருப்பதாக வைத்துக்கொள்வோம். நிரந்தர ஆசிரியர்கள் நான்கு பேர் 64 மணிநேரத்தை எடுத்துக்கொண்டால், மீதி 16 மணிநேரம் நம் பிள்ளைக்குக் கிடைக்கும். அடுத்த ஆண்டு மாணவர் சேர்க்கை குறைந்து, இரண்டு பிரிவுகளை ஒன்றாக இணைத்துவிட்டார்கள். மொத்தம் 70 மணிநேரமாகிவிட்டது. நிரந்தர ஆசிரியர்களின் 64 குறையாது. நம் பிள்ளைக்கு மிஞ்சுவது ஆறு. துறையில் பாடவேளை குறைந்தது எட்டில் ஒரு பங்குதான். நம் பிள்ளையின் வேலையோ பாதிக்கு மேல் போய்விட்டது.

இதில் யாருடைய கோபமும் இல்லை, கணக்கு அப்படி. மாறுதல் கலந்தாய்வில் ஒரு நிரந்தர ஆசிரியர் அந்தக் கல்லூரிக்கு வந்துவிட்டாலும், துணைப்பாடத்தை வேறு துறை எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். அட்மிஷன் முடியும்வரை எத்தனை பிரிவு என்பது கல்லூரிக்கே உறுதியாகத் தெரியாது. அதனால்தான் முடிவு ஜூலை, ஆகஸ்ட் வரை இழுக்கிறது.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதும் இல்லை. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தற்காலிக ஆசிரியர்களை 120 நாட்களுக்கு மேல் தொடர்ச்சியாக நியமிக்காமல், இடையில் ஒரு நாள் முறித்து மீண்டும் நியமிக்கும் வழக்கம் பல ஆண்டுகள் இருந்தது. அமெரிக்காவிலும் பகுதிநேர ஆசிரியரின் வகுப்பு, போதிய மாணவர் சேராவிட்டால் பருவம் தொடங்கும் நேரத்தில் ரத்தாகிவிடுவது உண்டு.

பன்னிரண்டு மாதச் செலவு, பதினொரு மாத வரவு

தமிழ்நாட்டு அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் பணியாற்றுகிறார்கள். 2024-25 கல்வியாண்டில் இவர்களின் தொகுப்பூதியம் மாதம் 25,000 ரூபாய். அதுவும் மே மாதம் தவிர்த்து 11 மாதங்களுக்குத்தான். மானியக் குழு 2019 ஜனவரியில் சொன்னதோ, ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 ரூபாய். இந்த இடைவெளியை நீக்கக் கோரித்தான் போராட்டங்களும் வழக்குகளும் நடக்கின்றன. அவற்றின் முடிவு வரும்வரை வீட்டுச் செலவு காத்திருக்காது.

25,000 ரூபாயை 11 மாதம் வாங்கினால் ஆண்டுக்கு 2,75,000. அதை 12-ஆல் வகுத்தால் மாதம் சுமார் 22,900. அதாவது இந்த வீட்டின் உண்மையான மாத வருமானம் 25,000 அல்ல, 22,900. ஒவ்வொரு மாதமும் 2,100 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டு வந்தால், மே மாதம் கையில் 23,100 இருக்கும்.

தனியார் கல்லூரிகளிலும் சுயநிதிப் பிரிவுகளிலும் மணிக்கணக்கில் சம்பளம் வாங்குபவர்கள், ஆண்டிலேயே குறைவாக வந்த மாதத்தின் தொகையை வைத்துத்தான் வீட்டுச் செலவை அமைக்க வேண்டும். தேர்வு, விடுமுறை மாதங்களில் வகுப்பு இருக்காது. கூடுதலாக வரும் மாதத்துப் பணத்தை அந்த மாதங்களுக்கு ஒதுக்கி வையுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2026, 2027, 2028 ஆகிய மூன்று ஆண்டுகளும் ஹஜ்ஜுப் பெருநாள் மே மாதத்தில்தான் வருகிறது. அது சம்பளம் இல்லாத மாதம். அடுத்த மாதம் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம். நகையை அடகு வைத்து வட்டியில் மாட்டிக்கொள்ளும் நேரம் இதுதான். முன்கூட்டியே தெரிந்த செலவுக்கு முன்கூட்டியே பணம் ஒதுக்குவதே வட்டியிலிருந்து தப்பும் வழி.

எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள்

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே நீளமானது என்பது நமக்குத் தெரியும். வேலை விஷயத்தில் மட்டும் நாம் வாய்வார்த்தையோடு நின்றுவிடுகிறோம். "வாங்க சார், பாத்துக்கலாம்" என்பதை நம்பி, கையிலிருக்கும் வேறு வேலையை விட்டுவிடக் கூடாது.

நியமன ஆணை, துறைத்தலைவர் கையொப்பமிட்ட கால அட்டவணையின் நகல், எடுத்த வகுப்புகளின் தேதிவாரிக் குறிப்பு, சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு விவரம், ஆண்டு முடிவில் அனுபவச் சான்று ஆகிய ஐந்தையும் ஒரே கோப்பில் வையுங்கள். ஆசிரியர் தேர்வு வாரியம் 2019-ல் உதவிப் பேராசிரியர் பணிக்கு அறிவிக்கை வெளியிட்டபோது, கற்பித்தல் அனுபவத்துக்கும் மதிப்பெண் ஒதுக்கியது. அப்போது பழைய சான்றுகளைத் தேடி அலைந்தவர்கள் பலர். முதல்வர் மாறிவிட்டால், கல்லூரி நிர்வாகம் மாறிவிட்டால், பத்து ஆண்டுக்கு முந்தைய சான்றை வாங்குவது எளிதல்ல.

பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். சட்டப்படி மகப்பேறு சலுகை கேட்க, பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாட்களாவது வேலை செய்திருக்க வேண்டும். வேலை செய்ததற்கு ஆதாரம் இல்லாவிட்டால் கேட்கவே முடியாது. வருங்கால வைப்பு நிதி பிடிக்கும் கல்லூரியாக இருந்தால், ஒவ்வொரு முறை வேலை நிற்கும்போதும் பணத்தை எடுத்துவிடாதீர்கள். அடுத்த கல்லூரியிலும் அதே யு.ஏ.என். எண்ணைக் கொடுங்கள். ஓய்வூதியத்துக்கு மொத்தம் பத்து ஆண்டுப் பணிக்காலம் வேண்டும்; விட்டு விட்டுச் செய்த வேலையும் சேர்ந்துகொண்டே வரும்.

இரண்டு இடத்தில் வகுப்பு எடுப்பவர்களுக்கு

மணிநேரம் குறைந்தால் இன்னொரு கல்லூரியிலும் சேர்ந்துகொள்ளலாம் என்று தோன்றும். சேரும் முன் ஒன்றைக் கேளுங்கள்: அங்கே பின்பற்றுவது டே ஆர்டர் முறையா, கிழமை முறையா? டே ஆர்டரில் ஒரு விடுமுறை வந்தால் வரிசை நகர்ந்துவிடும். இந்த வாரம் செவ்வாய்க்கிழமை வந்த வகுப்பு அடுத்த வாரம் புதன்கிழமை வரும். இரண்டு கல்லூரி வகுப்பும் ஒரே நேரத்தில் மோதும். கிழமையைப் பிரிப்பதைவிட, காலை ஷிப்டில் ஒன்று, மாலையில் இன்னொன்று என்று நேரத்தைப் பிரிப்பது பாதுகாப்பானது. ஆறு மணிநேரத்துக்காக ஐந்து நாள் பேருந்தில் போய் வந்தால் கூலி டிக்கெட்டுக்கே போய்விடும். வகுப்புகளை இரண்டு மூன்று நாட்களில் சேர்த்துத் தரும்படி அட்டவணை போடும் முன்பே கேளுங்கள்.

எத்தனை ஆண்டு காத்திருப்பது?

நிரந்தரப் பணி என்றாவது வரும் என்ற நம்பிக்கையில்தான் பலரும் இருக்கிறார்கள். 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு அறிவிக்கை வந்தது. ஆகஸ்டில் நடப்பதாக இருந்த தேர்வு தள்ளிப்போனது. நம்பிக்கை வேண்டாம் என்று சொல்லவில்லை. காத்திருப்பதற்கு ஓர் எல்லை வேண்டும் என்கிறோம்.

மூன்று கல்வியாண்டு என்று எல்லை வைத்துக்கொள்ளலாம். அதற்குள் நெட் அல்லது செட் தேர்ச்சி பெற வேண்டும். 2023 ஜூலை முதல் உதவிப் பேராசிரியர் பணிக்கு இதுவே குறைந்தபட்சத் தகுதி; முனைவர் பட்டம் கட்டாயமில்லை. பி.எட். முடித்தவர்களுக்கு மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியர் தேர்வும் திறந்தே இருக்கிறது. தொடர்ந்து இரண்டு ஆண்டு மணிநேரம் குறைந்துகொண்டே வந்தால் மூன்றாவது ஆண்டுக்குக் காத்திருக்க வேண்டாம்; வேறு வழியைத் தேடத் தொடங்குங்கள். வேறு வேலைக்குப் போவது தோல்வியல்ல.

வீட்டாரும் ஜமாஅத்தும் செய்ய வேண்டியது

பெண் பார்க்கும்போதும் மாப்பிள்ளை பார்க்கும்போதும் "காலேஜ் வேலை" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். பதினொரு மாதச் சம்பளம், ஆண்டுதோறும் மாறக்கூடியது என்பதைத் திறந்து சொல்லுங்கள். பின்னால் வரும் மனக்கசப்பு பாதி குறையும். ஜூன் மாதத்தில் தினமும் "கூப்பிட்டாங்களா?" என்று கேட்பதை நிறுத்துங்கள். கூப்பிட்டால் அவர்களே சொல்வார்கள்.

பைத்துல்மால் இயங்கும் மஹல்லாக்களில், மே, ஜூன் மாதங்களுக்கு மட்டும் வட்டியில்லாக் கடன் தந்து ஆகஸ்டுக்குப் பின் தவணையில் வாங்கிக்கொள்ளலாம். இன்னும் நல்லது, அவர்களுக்கு வேலையே கொடுப்பது. கோடை விடுமுறையில் நம் மதரஸா வகுப்பறைகள் பகலில் பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கின்றன. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம், கணக்கு அடிப்படை வகுப்பு, டி.என்.பி.எஸ்.சி. பயிற்சி என்று நடத்தலாம். நடத்துகிறவர்களுக்கு மணிக்கணக்கில் சம்பளம் கொடுக்க வேண்டும். "நம்ம பையன்தானே, சும்மா சொல்லித் தரட்டும்" என்று நாமும் சொன்னால், அவருடைய உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவதில் நாமும் பங்காளியாகிவிடுவோம்.

அடுத்த ஜூன் வரும் முன், உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், ஒரு நாள் மாலை அவரோடு உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அவர் மனதில் இருக்கும் பாரம், இன்ஷா அல்லாஹ், அன்றே கொஞ்சம் இறங்கும்.