பென் டிரைவ் சொல்லும் பொய்க் கணக்கு

பென் டிரைவ், கார்டு ரீடர், கையடக்க ஹார்ட் டிஸ்க் எல்லாமே ஒரே யு.எஸ்.பி விதிமுறைப்படி நடப்பதாகத்தான் பெயர். கணினி 31 பைட்டில் ஒரு கட்டளை அனுப்பும். சாதனம் தரவைக் கொடுத்துவிட்டு, வேலை முடிந்ததா இல்லையா என்பதை 13 பைட்டில் சொல்லும். ஏட்டில் இருப்பது அவ்வளவுதான். நடப்பு எவ்வளவு தூரம் விலகிப் போயிருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், லினக்ஸ் கெர்னலின் மூலநிரலில் 'அன்யூஷுவல் டெவ்ஸ்' என்ற கோப்பைத் திறக்க வேண்டும். விதிக்கு அடங்காத சாதனங்களின் பட்டியல் அது. நிறுவன எண், பொருள் எண், எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புவரை, அதனிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு.

கொள்ளளவை எடுத்துக்கொள்வோம். 'உன் கடைசி செக்டாரின் எண் என்ன?' என்று, சாதனத்தோடு பேசும் கெர்னல் நிரலான டிரைவர் கேட்கிறது. எண்ணிக்கை 0 இலிருந்து தொடங்குவதால், 1,000 செக்டார் உள்ள சாதனம் 999 என்று சொல்ல வேண்டும். சில சாதனங்கள் 1,000 என்கின்றன. அதை நம்பி, இல்லாத செக்டாரைப் படிக்கப்போனால் பிழைதான் வரும். சில சாதனங்கள் அதோடு பேச்சையே நிறுத்திவிடும். நிக்கான் கேமராக்கள் பல இந்தக் காரணத்துக்காகப் பட்டியலில் இருக்கின்றன.

எல்லாச் சாதனத்திலும் ஒன்றைக் கழித்துவிட்டால் என்ன? கூடாது. ஜி.பி.டி முறையில் பிரித்த டிஸ்க்கில், பகிர்வு அட்டவணையின் மாற்றுத் தலைப்பு கடைசி செக்டாரில்தான் இருக்கிறது. உண்மையைச் சொன்ன டிஸ்க்கில் ஒன்றைக் கழித்தால் அது கணினியின் கண்ணுக்கே படாது. நோக்கியா, நிக்கான், பென்டாக்ஸ், மோட்டரோலா சாதனங்களுக்கு மட்டும் டிரைவர் ஓர் ஊகத்தை வைத்திருக்கிறது: கணக்கிட்டு வரும் மொத்தம் ஒற்றைப்படையாக இருந்தால் ஒன்றைக் கழி. ஊகம்தான், ஆனால் கவனமான ஊகம்.

இந்தக் கோளாறுகள் ஏன் கடைக்கு வரும்வரை தப்பிவிடுகின்றன? விண்டோஸில் செருகி, ஓடினால் போதும் என்று பெட்டியில் போட்டுவிடுவதுதான் முக்கியக் காரணம். 'நீ யார்?' என்ற கேள்விக்கு 36 பைட் பதில் கேட்டால் ஒழுங்காகச் சொல்லும் சாதனம், கூடவோ குறையவோ கேட்டால் திணறும். இன்னொரு கட்டளைக்கு 192 பைட்தான் கேட்க வேண்டும். விண்டோஸ் அப்படிக் கேட்கிறது என்பதே காரணம். லினக்ஸும் அதே அளவுகளைத்தான் கேட்கிறது. விதிப் புத்தகத்தைப் படித்து நேர்மையாக டிரைவர் எழுதுபவர், இன்னொரு மென்பொருளின் பழக்கவழக்கத்தையும் படிக்க வேண்டியிருக்கிறது. இது அநியாயம் என்றே நினைக்கிறேன். தயாரிப்பாளர் மிச்சப்படுத்திய ஒரு நாள் சோதனைக்கு, முகம் தெரியாத யாரோ பல இரவுகள் உழைக்கிறார்கள்.

சில சமயம் அடையாள எண்ணே கைவிட்டுவிடும். டிஸ்க்கை யு.எஸ்.பியோடு இணைக்கும் ஏ.எஸ்.மீடியா நிறுவனச் சில்லுகளில், 1051-க்கும் பழைய 1053-க்கும் ஒரே எண். யு.ஏ.எஸ் என்ற வேகமான புது முறை 1051-இல் சரியாக வேலை செய்யாது. இரண்டையும் எப்படிப் பிரிப்பது? சாதனம் ஒரே நேரத்தில் எத்தனை தரவு ஓடைகளைத் தாங்குவதாகச் சொல்கிறது என்று டிரைவர் பார்க்கிறது. 32 என்றால் 1051 ஆக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு பழைய முறைக்கே இறங்கிவிடுகிறது. வேகம் குறையும், ஆனால் கோப்பு பிழைக்கும். எனக்கு இந்த நிரல்வரிகள்மேல் தனி மரியாதை உண்டு.

பட்டியலில் இல்லாத சாதனம் யு.ஏ.எஸ் முறையில் தகராறு செய்தால் நாமே சரிசெய்ய வழி இருக்கிறது. கணினி தொடங்கும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் 'குவிர்க்ஸ்' அமைப்பில் அதன் நிறுவன எண்ணையும் பொருள் எண்ணையும், யு.ஏ.எஸ் வேண்டாம் என்பதற்கான ஓர் எழுத்தையும் சேர்த்தால் போதும். ராஸ்பெர்ரி பையில் எஸ்.எஸ்.டி மாட்டிய பலருக்கு இது பழகிய வைத்தியம். ஆனால் அது நம் வீட்டுக் கணினியோடு நின்றுவிடும். விவரத்தைக் கெர்னல் பராமரிப்பாளர்களுக்கு அனுப்பினால்தான் அதே சாதனத்தை வாங்கிய மற்றவர்களுக்கும் பயன். பட்டியலிலிருந்து நீக்குவதற்கும் ஏற்பாடு உண்டு: ஒரு சாதனத்துக்கான பதிவில் தேவையற்ற குறிப்பு இருப்பதைக் கெர்னல் கண்டால், இந்தச் செய்தியை எங்களுக்கு அனுப்புங்கள் என்று அதுவே பதிவேட்டில் எழுதிக் கேட்கிறது.